மாஸி லில்லிஸின் மகன் கால்வேக்குப் போனது

"கால்வேயா? ஏன்டா, கால்வேயா? அதுக்கு நேராக் கடல்லயே குதிக்கலாமே! அதுக்கு அந்தப் பக்கம் ஊரே கிடையாது!"

"கடல்ல குதிச்சாலாவது நாலு பேரு திரும்பிப் பாப்பாங்கப்பா. இங்க நான் உயிரோட இருக்கறதே யாருக்கும் தெரியல."

"மன்ஸ்டர் சட்டைடா அது! அந்தச் சிவப்புச் சட்டைக்காக இந்த ஊர்ல அவனவன் ரெண்டு கையையும் வெட்டிக் குடுப்பான்."

"கையை வெட்டிக் குடுத்துட்டுப் பந்தை எதால பிடிப்பானாம்? ரெண்டு வருஷத்துல நாப்பத்தோரு நிமிஷம் ஆடியிருக்கேன். நீ டிப்போவுலேர்ந்து பஸ்ஸை எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்து விடற நேரம் கூட இல்ல."

"ரெண்டு பேரும் நல்லாக் கத்துங்க," என்றாள் கான்செப்டா. "பக்கத்து வீட்டுல பெக்குக்குக் கேக்காமப் போயிடப் போகுது."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தோமண்ட்கேட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். கட்டியவன் செய்த கஞ்சத்தனத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? ரேடியோவை அணைத்துவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தேன்.

கத்திக்கொண்டிருந்தது மாஸி லில்லிஸ். முப்பத்தோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நடுவில் புகுந்தது அவர் மனைவி கான்செப்டா. எதிர்த்துக் கத்தியது அவர்கள் மகன் செனன். வயது இருபத்துமூன்று. ரக்பியில் பத்தாம் எண் ஆட்டக்காரன். அந்த இடத்தில் ஆடுகிறவன்தான் மற்ற பதினாலு பேருக்கும் எங்கே ஓட வேண்டும் என்று சொல்வான். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பதும் பெரும்பாலும் அவனே. ஓர் அணிக்கு அப்படி ஒருவன் போதும். எங்கள் மாகாண அணியான மன்ஸ்டரில் மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஆள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். இரண்டாவது ஃபெலிம் குவேன், பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன். செனன் மூன்றாவது. மூன்றாவது ஆளின் வேலை என்னவென்றால், வாரம் முழுக்கப் பயிற்சியில் எதிரணிக்காரனாக நடித்து நம்மவர்களிடம் அடி வாங்குவது. சனிக்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்து கை தட்டுவது.

டப்ளினில் இருக்கிற ரக்பி தலைமை அலுவலகத்துக்கு இந்த மாதிரி ஆள் குவிந்து கிடப்பது பிடிக்காது. நாட்டில் நாலு மாகாணம், நாலு அணி. ஒரு வீட்டில் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருக்க, இன்னொரு வீட்டில் ஆளே இல்லாமல் போனால் தேசிய அணிக்கு யார் தேறுவார்கள்? கால்வேயில் இருக்கிற கொனாக்ட் அணியில் அந்த ஆகஸ்டில் பத்தாம் எண்காரர்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் தோள்பட்டையை உடைத்துக்கொண்டார்கள். உடனே செனனை ஒரு பருவத்துக்கு இரவல் கேட்டார்கள், ஏணியையும் மண்வெட்டியையும் கேட்பது மாதிரி.

செனனுக்கு இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவனது ஒப்பந்தம் வரும் ஜூனோடு முடிகிறது. அதற்குள் எவர் கண்ணிலாவது படும்படி ஆடாவிட்டால் அவனுக்கு ரக்பி முடிந்தது. அப்பாவைப் பிடித்து டிப்போவில் ஒரு மனு போட வேண்டியதுதான்.

"கொஞ்சம் பொறுடா," என்றார் மாஸி, குரலை இறக்கி. "அந்த ஃபெலிமோட முழங்கால் எத்தனை நாள் தாங்கும்?"

"இன்னொருத்தன் கால் எப்ப உடையும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது ஒரு பொழப்பா? நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடறேன்."

"போட்டேன்னா இந்த வீட்டு வாசப்படி..."

"வாசப்படி என் பேர்லயும் இருக்கு, மாஸி," என்றாள் கான்செப்டா. "உருளைக்கிழங்கு ஆறுது. சாப்பிடு."

மாஸிக்கு இதில் கூடுதலாக ஒரு மானப் பிரச்சினை உண்டு. மன்ஸ்டர் ஆடுகிற தோமண்ட் பார்க் மைதானத்தில் யார் கம்பத்தைக் குறிவைத்து உதைத்தாலும், நம்மவனோ எதிரியோ, இருபத்தைந்தாயிரம் பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். கிழக்குப் பக்கம் நின்று பார்க்கிற படிகளில் இந்த மௌனத்துக்குக் காவல்காரர் மாஸி. நியமித்தது யார் என்று கேட்காதீர்கள். இருமினால் முறைப்பார். கிசுகிசுத்தால் "ஷ்ஷ்ஷ்" என்பார். அந்த ஷ்ஷ்ஷ் கிசுகிசுப்பை விடச் சத்தமாக இருக்கும். ஒருமுறை கார்க் நகரத்திலிருந்து வந்த ஒருவனின் செல்போன் அடித்தபோது, அதைப் பிடுங்கிக் குல்லாயில் சுருட்டித் தன் அக்குளில் வைத்து அமுக்கிவிட்டார். அப்படிப்பட்டவரின் பிள்ளை கொனாக்டின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வேறு மாகாணத்துக்கு உதைப்பது என்றால் படிகளில் எப்படித் தலைகாட்டுவார்?

மறுநாள் காலை செனன் ஒரு பையோடும் இரண்டு ஜோடி பூட்ஸோடும் வெளியே வந்தான். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வாரம் மூணாவது தடவை துடைக்கறீங்க, பெக்."

"தூசிப்பா, தூசி."

"அப்பா எழுந்துட்டாரா?"

"மாடியில திரைக்குப் பின்னாடி நிக்கறாரு. காலு தெரியுது."

"அப்ப கேக்கும்." மேலே பார்த்துச் சத்தமாகவே சொன்னான். "நான் ஓடிப் போகல. ஆடப் போறேன்!"

திரை அசையவில்லை.

அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில், கான்செப்டாவுக்குத் திடீரென்று பக்தி பெருக்கெடுத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு நாக் மாதா திருத்தலத்துக்குப் போய் வருவதாக மாஸியிடம் சொன்னாள். அவரே எங்களைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவிட்டு, தன் முதுகுவலிக்கும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். நாக் போகிற பேருந்து கால்வே வழியாகத்தான் போகும். நாங்கள் கால்வேயிலேயே இறங்கிக்கொண்டோம்.

அங்கே மைதானத்தைச் சுற்றி நாய்ப் பந்தயத்துக்கும் பாதை போட்டிருப்பார்கள். காற்று அட்லாண்டிக்கிலிருந்து நேராக வந்து முகத்தில் அறையும். செனன் முதலில் உதைத்த பந்து கம்பத்தை நோக்கிப் போய், யோசித்து, மனம் மாறித் திரும்பி வந்தது. இரண்டாவது எங்கேயோ போய் ஒரு மீன்வறுவல் வண்டியில் விழுந்தது. கான்செப்டா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பையனோ ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடினான். மூன்றாவதைத் தாழ்வாக, காற்றுக்கு அடியில் நுழைத்து அனுப்பினான். போயிற்று. நாலாவதும் போயிற்று. எண்பது நிமிடமும் அவனை வெளியே எடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஆடியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை ஒரே பிற்பகலில் ஆடி முடித்துவிட்டு, மூக்கில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டு வந்தான்.

"எப்படிம்மா?"

"மீன் வண்டிக்காரன் உன்னைத் தேடறான்," என்றாள் கான்செப்டா. பிறகு அழுதாள். பிறகு அவன் மூக்கைத் தன் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து அவனை வலிக்க வைத்தாள்.

திரும்பி வரும்போதுதான் அவளுக்குப் புனித நீர் நினைவு வந்தது. மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோயிருந்தாள். அதன் நீலக் கிரீடம்தான் திருகு மூடி. கால்வே பேருந்து நிலையக் குழாயில் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை மாஸி அதில் இரண்டு விரல் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, "பாத்தியா, உடனே முதுகு லேசாயிடுச்சு," என்றார். சொல்லாமல் இருக்கவும் எனக்குத் தெரியும்.

நவம்பர் தொடக்கத்தில், இறந்த ஆத்துமாக்களுக்காக வேண்டிக்கொள்கிற நாட்களில், மாஸியைப் பங்குக் கோயிலில் பார்த்தேன். ஓரத்துப் பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த ஆத்துமாவுக்கு, மாஸி?"

"பொதுவா எல்லாத்துக்கும்," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அந்தச் சனிக்கிழமை ஃபெலிம் குவேனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. செய்தி கேட்டதும் மாஸி வெளுத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மெழுகுவத்தி யாருடைய முழங்காலுக்கு என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் தன் மகள் டிம்ப்னாவின் கையில் ஒரு தூக்குச் சூப்பைக் கொடுத்து ஃபெலிம் வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்.

"நான் எதுக்குப்பா போகணும்? அவன் யாருன்னே எனக்குத் தெரியாது," என்றாள் டிம்ப்னா.

"நீதானே மருந்துக்கடையில வேலை பாக்கற. போ."

ஆனால் குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், மறுபக்கம் மாஸியின் நடையே மாறியிருந்தது. ஃபெலிம் இல்லை என்றால் மன்ஸ்டருக்கு ஆள் வேண்டும். டிசம்பர் முதல் வாரம் கூப்பிட்டும் விட்டார்கள். செனன் ஓய்வு நாளில் வீட்டுக்கு வந்தபோது மாஸி மேசையில் பன்றித் தொடைக்கறி, கேக், என்னவோ கல்யாண வீடு மாதிரி பரப்பிவைத்திருந்தார். நான் என் டீயோடு வழக்கமான இடத்துக்குப் போனேன்.

"மேனேஜரே போன் பண்ணாராமே!"

"பண்ணாரு. எதுக்குக் கூப்பிடறீங்கன்னு கேட்டேன். தென்னாப்பிரிக்காக்காரர் ஆடுவாரு, நான் பெஞ்சுல இருக்கணும், கடைசிப் பத்து நிமிஷம் பாக்கலாம்னாரு."

"பெஞ்சுன்னாலும் மன்ஸ்டர் பெஞ்சுடா!"

"எல்லாப் பெஞ்சும் பலகைதாம்ப்பா. உக்காந்து உக்காந்து எனக்கு மரத்துப் போச்சு. அங்க ஒன்பது ஆட்டம் ஆடிட்டேன். தப்புப் பண்றேன். அடுத்த வாரம் அதே சட்டையைக் குடுத்து, போய் சரி பண்ணுங்கறாங்க. எனக்கு அதுதான் வேணும். இரவலை முறிக்கணும்னா ரெண்டு அணியும் நானும் மூணு பேரும் ஒத்துக்கணும். நான் ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? மன்ஸ்டர்கிட்டயா?"

"மரியாதையாத்தான் சொன்னேன்."

கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"ஜனவரியில அந்தக் கால்வேக்காரனுங்க இங்க ஆட வர்றானுங்க," என்றார் மாஸி. சொந்த அணிக்கு எதிராக இரவல் ஆள் ஆடக்கூடாது என்று சில ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். செனனுடையதில் அப்படி ஒரு வரி இல்லை. "நீயும் வருவியா?"

"பத்தாம் எண்ல வருவேன்."

"அன்னிக்கு நான் உனக்காக ஒருத்தன் வாயையும் மூட மாட்டேன். ஊளையிட்டாலும் சரி, பாட்டுப் பாடினாலும் சரி."

"மூடச் சொல்லி நான் கேக்கலையே."

"கேக்கை வெட்டட்டுமா வேண்டாமா?" என்றாள் கான்செப்டா.

ஜனவரி முதல் சனிக்கிழமை, தோமண்ட் பார்க், பிற்பகல் மூன்று மணி. மாஸி தன் படியில். நானும் கான்செப்டாவும் அவருக்கு இரண்டு படி மேலே. கான்செப்டா கழுத்தில் சிவப்புத் துண்டு. கோட்டுப் பையில் ஒரு பச்சைக் கைக்குட்டையின் நுனி. கேட்டதற்கு, சளி என்றாள்.

முதல் அரைமணிக்குள் செனனுக்குக் கம்பத்தைக் குறிவைத்து உதைக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மாஸி இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தன் பூட்ஸையே பார்த்து நின்றார். ஊர் தானாக வாயை மூடிக்கொண்டது. அவருடைய உதவி இல்லாமலேயே மௌனம் இறங்கியதில் அவருக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம் என்று அவர் பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது. பந்து வலது பக்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது உதையும் வலது பக்கம். சிறு வயதிலிருந்தே பையனுக்கு அந்தக் குறை உண்டு. கால் பந்தில் படுவதற்குள் பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிடுவான். பக்கத்துப் பூங்காவில் மழையில் நின்றுகொண்டு மாஸி அவனைத் திட்டித் திட்டி அதைச் சரிசெய்ததை இந்தத் தெருவே பார்த்திருக்கிறது. கால்வேயில் அது தலைகாட்டவில்லை. பழைய ஊருக்கு வந்ததும் வந்துவிட்டது.

ஆனாலும் பையன் ஒளிந்துகொள்ளவில்லை. உதை தவறியதும் அடுத்த நொடியே முன்னால் போய் நின்று பந்தைக் கேட்டான். அவனைவிட இரண்டு மடங்கு எடையுள்ள ஒருவன் அவனை மண்ணில் புதைத்துவிட்டுப் போனான். எழுந்து அடுத்த பந்தையும் கேட்டான். கொனாக்ட் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிய இரண்டு தடவையும் வழி திறந்துவிட்டது அவன்தான். அதற்குப் பிறகு கிட்டத்திலிருந்து கிடைத்த உதைகளையும் உள்ளே அனுப்பினான். என் பக்கத்தில் நின்ற ஒரு சிவப்புச் சட்டைக்காரர், "இவனையா நாம இரவல் குடுத்தோம்?" என்று பல்லைக் கடித்தார். மாஸியின் காது மட்டும் சிவந்தது.

எழுபத்தொன்பதாவது நிமிடம். மன்ஸ்டர் பத்தொன்பது, கொனாக்ட் பதினேழு. மன்ஸ்டர் செய்த தவறுக்காக நடுவர் கொனாக்டுக்குத் தண்டனை உதை ஒன்று கொடுத்தார்; கம்பத்திலிருந்து நாற்பது மீட்டர். போனால் மூன்று புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு. அணித்தலைவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். தூரத்து உதை இரண்டையும் தவறவிட்டவனிடம் கொடுப்பதா? செனன் போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். கேட்கக் கூட இல்லை, வாங்கிக்கொண்டான்.

உதைக்க ஒரு நிமிடம் உண்டு. பந்தை நிறுத்தினான். பின்னால் நடந்தான். இருபத்தைந்தாயிரம் பேரும் அடங்கினார்கள். தூரத்தில் ஆற்றுப் பாலத்தில் ஒரு வண்டி கியர் மாற்றுவது கேட்டது. செனன் மூச்சை இழுத்து முதல் அடி எடுத்து வைக்கப் போனான்.

"தலையைத் தூக்காதடா, செனன்!"

மைதானம் முழுக்க அது எதிரொலித்தது. கத்தியது மாஸி லில்லிஸ். முப்பது வருடக் காவல்காரர். சொந்த ஊர் மைதானத்தில், எதிரணிக்காரனுக்கு, எப்படி உதைப்பது என்று யோசனை சொல்கிறார்!

ஒரு நொடி யாருக்கும் நம்ப முடியவில்லை. பிறகு கிழக்குப் படிகள் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!"

"யோவ் மாஸி, வெக்கமா இல்ல?"

"எந்த ஊருய்யா நீ?"

கார்க்கிலிருந்து வந்த யாரோ ஒருவன், "அந்தாளு வாயைக் குல்லாயில சுருட்டுங்க!" என்றான். மாஸி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண்கள் மட்டும் விரலுக்கு மேலே உருண்டுகொண்டிருந்தன.

செனன் நின்றுவிட்டான். படிகளின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மறுபடி பின்னால் நடந்தான்: நாலடி பின்னே, மூன்றடி பக்கவாட்டில். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடி வந்தான். உதைத்தான். உதைத்த பிறகும் குனிந்தபடியே புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து உள்ளே போனதா என்பதை எங்கள் இருபத்தைந்தாயிரம் பேரின் முனகலிலிருந்துதான் தெரிந்துகொண்டிருப்பான்.

இருபது, பத்தொன்பது.

ஆட்டம் முடிந்ததும் செனன் சேறும் சகதியுமாக எங்கள் பக்கத்துக் கம்பித் தடுப்புக்கு வந்தான். மாஸியைச் சுற்றி ஒரு கஜத்துக்கு ஒருவரும் நிற்கவில்லை.

"மொத ரெண்டுலயும் தூக்கின," என்றார் மாஸி.

"தெரியும்."

"தெரிஞ்சுமா தூக்கின?"

"நீ சத்தமே போடலையே."

"போடக்கூடாதுன்னு இருந்தேன்." மாஸி தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "காது எப்படி இருக்கு? அந்தத் தடியன் மிதிச்சானே."

"இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் ஊரில் அதற்கு மேல் பேசினால் உடம்புக்கு ஆகாது.

மாஸியின் பாடு ஒரு மாதம் திண்டாட்டம்தான். அவர் பேருந்தில் ஏறுகிறவர்கள் எல்லாரும் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்ஷ்" என்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கன்னியாஸ்திரி ஒருவர் கூட. கான்செப்டா மட்டும், கல்யாணமானதிலிருந்து மாஸி வாய் திறந்து சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான் என்றாள்.

பிப்ரவரியில் இரண்டு கடிதங்கள் வந்தன. மன்ஸ்டர் இரண்டு வருடம் தருவதாகச் சொன்னது: திரும்பி வா, இரண்டாவது ஆளாக இரு. கொனாக்ட் மூன்று வருடம்: முதல் ஆள், பத்தாம் எண். செனன் இரண்டையும் அடுப்படி மேசையில் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தான். நான் டீ கூடப் போடவில்லை; நேரமில்லை.

"எங்க ஆடலாம்?" என்றார் மாஸி.

"கால்வேயில."

"இங்க?"

"இங்க கை தட்டலாம்."

நாற்காலி நகர்கிற சத்தம். அலமாரி திறக்கிற சத்தம்.

"இந்தா பேனா," என்றார் மாஸி. "எழுதுதான்னு பாத்துக்க."

ஃபெலிம் குவேனின் முழங்கால் வசந்தத்தில் தேறியது. திரும்பி வந்து பார்த்தால் அவன் இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அடுத்த பருவம், நிறைய ஆட்டம் கிடைக்கட்டும் என்று ஃபெலிமை பெல்ஃபாஸ்டுக்கு, அல்ஸ்டர் அணிக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதம் புதன்கிழமை தவறாமல் சூப் கொண்டுபோன டிம்ப்னா, சூப் கொடுக்க இனி வெகுதூரம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு அவனையே கல்யாணம் செய்துகொண்டு வடக்கே போனாள். மெழுகுவத்தி விஷயத்தை மாப்பிள்ளையிடம் யார் சொன்னது என்று மாஸி இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

செனன் கால்வேயிலேயே தங்கிவிட்டான். இப்போது அவர்களுடைய அணித்தலைவன். கிளிஃப்டன் பக்கத்து மாட்டு வைத்தியர் ஊனாவைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு ரக்பி சுத்தமாகப் பிடிக்காது, அதுவும் நல்லதுதான். மாஸி ஓய்வு பெற்ற மாதமே, கான்செப்டா யாரையும் கேட்காமல் கால்வேயை ஒட்டிய சால்ட்ஹில்லில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீட்டை முடிவு செய்து அவரைக் கிளப்பிவிட்டாள். சாமான் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவருக்கு எந்த கியரில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவர்கள் வீட்டை வாங்கியது டப்ளினிலிருந்து வந்த ஒரு தம்பதி. எங்கள் அணியின் பரம எதிரியான லென்ஸ்டர் மாகாணத்துக்காரர்கள். வந்த அன்றே மாடி ஜன்னலில் தங்கள் அணியின் நீலக் கொடி கட்டினார்கள். அவர்களோடு நான் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.